பாய்லர் மீது ஒரு வீண்பழி

பயந்தாங்கொள்ளிகள் இருக்கும் வீட்டில் ஆபத்து குறைவா, அதிகமா? சில வருடங்களாக இந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். ஒருநாள் குறைவு என்று தோன்றும். மறுநாள் அதிகம் என்று தோன்றும். விடை மட்டும் கிடைத்தபாடில்லை.

இதைக் கேட்கும் தகுதி எனக்கு உண்டு. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி வருபவள் நான். அணைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால், பார்க்கும்போது கை பட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடி வருபவளும் நான்தான். வாசல் கதவைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்ததில், அதன் கைப்பிடி ஒருமுறை கையோடு வந்துவிட்டது. (கதவு பூட்டித்தான் இருந்தது.)

அந்த வருடம் நாங்கள் லண்டனின் ஹரோ பகுதியில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறியிருந்தோம். ஒரே கூரையை நடுச்சுவர் வைத்துப் பங்கு போட்ட இரட்டை வீடு. ஒரு பாதியில் திருச்சியிலிருந்து வந்த நாங்கள்: நான், என் கணவர் கார்த்திக், அப்போது ஒன்பது மாதக் குழந்தையான மகிழ். மறு பாதியில் புவனா அக்காவும் அவர் கணவர் சிவம் அண்ணாவும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள். நாங்கள் குடிவரும்வரை.

முன்பு இருந்த ஃபிளாட்டில் மின்சார ஹீட்டர். இந்த வீட்டில்தான் எனக்கு முதல்முறையாக ஒரு கேஸ் பாய்லர் வாய்த்தது. சமையலறை அலமாரிக்குள் வெள்ளையாக, சாதுவாக மாட்டியிருந்தது. கோடை முழுவதும் குளிக்க வெந்நீர் தந்தது. எங்களுக்குள் ஒரு பகையும் இல்லை. ஆனால் குளிர்காலம் வருகிறது, இனி அது நாள் முழுவதும் எரிந்து வீட்டையே சூடாக்கப் போகிறது என்று நினைத்தபோதுதான் அதன் முகத்தை முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். அதில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு நீலச் சுடர். அது என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

என் பயத்தின் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, இருமல்கூட வராது. தூங்குகிறவர்கள் தூங்கியபடியே இருந்துவிடுவார்கள். பழுதான பாய்லரிலிருந்து வரும் என்று பூங்காவில் ஒரு அம்மா சொன்னாள். எனக்குத் தெரியாதா என்ன? நான் வேதியியலில் எம்.எஸ்ஸி. முழுமையற்ற எரிதல் என்ற தலைப்பில் பக்கம் பக்கமாக எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தேர்வுத்தாளில் தொட்டில் கிடையாது. தொட்டிலில் மகிழும் கிடையாது.

எனவே குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார் செய்யத் தொடங்கினேன். ஒரு நாட்டை யுத்தத்துக்குத் தயார் செய்வதுபோல.

முதலில் வீட்டு உரிமையாளரை நச்சரித்து, பாய்லரைச் சோதிக்க ஆள் வரவழைத்தேன். வந்தவர் மூடியைக் கழற்றினார், கருவி வைத்தார், நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ரொம்பச் சீக்கிரம் முடித்துவிட்டார். பாய்லர் நன்றாக இருந்ததால் சீக்கிரமா, அவர் சரியாகப் பார்க்காததால் சீக்கிரமா?

"எக்ஸ்பர்ட் சொல்லிட்டாரு இல்ல, விடேன்" என்றார் கார்த்தி.

"அவர் முகத்துல ஒரு தயக்கம் இருந்துது, நீங்க பாக்கல."

"அவருக்கு டீ வேணுமான்னு நீ மூணாவது தடவை கேட்டப்போ வந்த தயக்கம் அது."

அடுத்து ரேடியேட்டர்கள். கோடையில் அவற்றுக்குள் காற்று சேர்ந்துவிடும், பக்கத்தில் உள்ள திருகைச் சின்னச் சாவியால் லேசாகத் திருப்பினால் காற்று வெளியேறும், ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததும் மூடிவிட வேண்டும் என்று வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். நானும் திருப்பினேன். பாம்பு சீறுவதுபோல ஒரு சத்தம். பதறிப்போய் மூடுவதற்குப் பதில் இன்னும் திறந்துவிட்டேன். கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, சுவரில் மழைக்கால மேகம்போல ஒரு படம் வரைந்தது. (வீட்டு உரிமையாளர் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் மகிழின் போட்டோவை மாட்டிவிடுவோம்.) தண்ணீர் போனதில் பாய்லரின் அழுத்தம் குறைய, மறுபடி நிரப்ப, நிரப்பியது கூடிவிட்டதோ என்று கவலைப்பட்டு ராத்திரியெல்லாம் போய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்க, ஒரு வாரத்தில் எனக்குப் பச்சைக் குழந்தைகள் இரண்டு என்று ஆயிற்று.

பிறகு, குளிர் நுழையும் வழிகளை அடைத்தேன். கதவடிகளில் துண்டைச் சுருட்டி வைத்தேன். ஜன்னல் சட்டத்தின் மேலே வரிசையாகச் சின்னத் துவாரங்கள் இருந்தன. எதற்காக என்று யோசிக்கவில்லை, டேப் ஒட்டிவிட்டேன். ஹாலில் அந்தக் காலத்துக் கணப்படுப்பை அடைத்து, நடுவில் ஒரு சல்லடை மட்டும் விட்டிருந்தார்கள். அதன் மேலும் ஒட்டினேன்.

கார்த்தி சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இது வீடா, ஊறுகாய் ஜாடியா?"

"உங்களுக்கென்ன, ஆபீஸ் போயிருவீங்க. குளிர்ல கிடக்கப் போறது குழந்தை."

"ஒண்ணும் ஆகாது ரம்யா."

கடைசியாக, விஷவாயு அலாரம். சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, ஹாலுக்கு ஒன்று. கூடவே வந்த குறிப்பை மனப்பாடம் செய்தேன். அலாரம் அடித்தால் ஜன்னல்களைத் திற, கேஸை நிறுத்து, எல்லோரையும் வெளியேற்று, அவசர எண்ணுக்குக் கூப்பிடு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வேன்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை காலையில் ஹீட்டிங்கை முதன்முதலாகப் போட்டோம். பாய்லர் 'வூம்' என்றது. ரேடியேட்டர்கள் கிளிக் கிளிக் என்று நெட்டி முறித்தன. தூசி சூடாகி ஒரு வாடை வந்தது. அது தூசிதான் என்று தெரிந்தும் ஒவ்வொரு ரேடியேட்டராகப் போய் முகர்ந்து பார்த்தேன்.

சனிக்கிழமைதான் மகிழுக்குத் தலைக்குக் குளியல். (பெண் குழந்தைக்கு வெள்ளிதான் முறை. ஆனால் லண்டனில், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் நாள்தான் முறை.) கார்த்தி தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முருங்கைக்காய் வாங்கத் தமிழ்க் கடைக்குக் கிளம்பினார். நான் குழந்தையைத் துவட்டி, ஹாலில் உட்கார்ந்து பவுடர் போட்டு, மை வைத்து, வழக்கம்போலத் தலைக்குச் சாம்பிராணி காட்டினேன். கடையில் கிடைக்கும் கரி வில்லையை அடுப்பில் பற்றவைத்து, தூபக்காலில் போட்டு, மேலே பொடியைத் தூவி, முடியை விரித்து விரித்துப் புகை காட்டுவது. சென்ற வாரம்வரை கொஞ்சம் ஜன்னல் திறந்திருக்கும். இப்போது குளிர். ஈரத்தலையில் சளி பிடித்துவிட்டால்? கதவையும் மூடினேன். வேலை முடிந்ததும், தவழ்கிற பிள்ளை கை வைத்துவிடாதபடி தூபக்காலைச் சோபாவுக்குப் பின்னால் பத்திரமாகத் தள்ளி வைத்தேன். பிறகு மகிழை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே, பாய்லரை நினைத்துக் கவலைப்பட ஆரம்பித்தேன்.

அப்போதுதான் ஹாலில் இருந்த அலாரம் அலறியது.

நான் மனப்பாடம் செய்த வரிசை என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். ஜன்னலைத் திறக்கவில்லை. கேஸை நிறுத்தவில்லை. வாசலுக்கு வந்த பிறகுதான் என்னைப் பார்த்தேன். நைட்டி. ஒரு காலில் செருப்பு. ஒரு கையில் துண்டில் சுற்றிய குழந்தை, மறு கையில் பால்புட்டி கழுவும் பிரஷ். போன் உள்ளே.

நடுச்சுவர் ஞாபகம் வந்தது. வாயு சுவர் தாண்டுமே! பக்கத்து வீட்டுக் கதவைப் பிரஷ்ஷால் அடித்தேன்.

"அக்கா! வெளிய வாங்க! விஷவாயு! பாய்லர்!"

புவனா அக்கா கையில் தேங்காய்ப்பூவோடு கதவைத் திறந்தார். "என்ன பிள்ளை? என்ன நடந்தது?"

"கார்பன் மோனாக்சைடு வருதுக்கா. உங்க வீட்டுக்கும் வந்திரும். உடனே வெளிய வாங்க!"

"ஐயோ, அடுப்பில புட்டு அவியுது, நிப்பாட்டிப்போட்டு வாறன். இஞ்சேருங்கோப்பா, எழும்பி வாங்கோ! இந்தப் பிள்ளையின்ர வீட்டில வாயு லீக்காம்!"

சிவம் அண்ணா சாரத்துக்கு (நம் ஊர் லுங்கிதான்) மேலே ஒரு பெரிய குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தெருவில் நின்று இரு பக்கமும் பார்த்தார். "இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு காலத்தில, சாரத்தோட றோட்டில நிண்டது இதுதான் முதல் தரம்."

அவருடைய போனை வாங்கி அவசர எண்ணைக் கூப்பிட்டேன். (எண் மட்டும் மறக்கவில்லை.) மறுமுனையில் ஒரு பெண். பதற்றமில்லாத குரல். எல்லோரும் வெளியே இருக்கிறீர்களா? ஆம். உங்களுக்குத் தலைவலி இருக்கிறதா? இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்தே அவ்வப்போது இருக்கிறது, ஆனால் இப்போது கூடியிருந்தது. குழந்தை எப்படி இருக்கிறது? சோர்வாக, தூக்கக் கலக்கமாக இருக்கிறதா?

குனிந்து பார்த்தேன். மகிழின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். அந்த நிமிடத்தை மட்டும் இன்றும் அப்படி எழுத வரவில்லை. என் கையில் அவள் தலை கனத்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் விரலைச் சுண்டினேன். கண்ணைத் திறந்தாள், மூடினாள். "மகிழ்! மகிழ்மா! அம்மாவைப் பாரு!" என்று உலுக்கினேன். வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு, போன் முனையில் இருந்த பெண்ணிடம், "அழுகிறாள், அழுகிறாள்" என்று பரிசு விழுந்ததுபோலச் சொன்னேன். அழுது முடித்ததும் மறுபடி கண் செருகியது. மறுபடி உலுக்கினேன்.

"ஏன் பிள்ளையைப் போட்டு எழுப்புறீர்? நித்திரை கொள்ளட்டுமே" என்றார் அக்கா.

"தூங்கக் கூடாதுக்கா. தூங்கினா…" மறுபடி கால் விரலைச் சுண்டினேன்.

ஆம்புலன்ஸ் முதலில் வந்தது. எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் விலகின. ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிய பெண், மகிழின் மூச்சைக் கேட்டு, பாதத்தில் ஒரு கருவியை மாட்டிப் பார்த்து, அவளைச் சிரிக்கவும் வைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் கொஞ்ச நேரம் கூடவே இருந்து பார்க்கிறேன் என்றாள். 'சரியாக இருக்கிறது' என் காதில் விழவில்லை. 'ஆனாலும்' மட்டும் விழுந்தது.

முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் பையோடு கார்த்தி தெருமுனையில் தெரிந்தார். ஆம்புலன்ஸைப் பார்த்ததும் ஓடி வந்தார். குழந்தையைத் தொட்டார், என்னைத் தொட்டார். மூச்சு வாங்க, "ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அன்றுதான்.

அவர் பின்னாலேயே கேஸ் எஞ்சினியர் வந்தார். ஆறடி உயரம், கையில் அளக்கும் கருவி. உள்ளே போவதற்கு முன் வாசலில் நின்று கேட்டார்: வீட்டுக்குள் ஏதாவது எரித்தீர்களா? விறகு? பார்பிக்யூ கரி?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. குழந்தையைப் பெற்றவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? என்னிடம் இருந்த அத்தனை ஆங்கிலத்தையும் திரட்டிச் சொன்னேன்: கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் யாராவது கரியைக் கொளுத்துவார்களா? நான் படித்தவள். வேதியியல் படித்தவள். இல்லை, இல்லவே இல்லை.

அவர் பணிவாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் பொய் சொல்லவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். எரிப்பது என்றால் அடுப்பு, விளக்கு, குப்பை. சாம்பிராணி எரிப்பதில் சேராது. அது குளிப்பாட்டுவதில் சேரும். துண்டு, பவுடர், மை, சாம்பிராணி. துண்டை எரித்தீர்களா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வோம்?

சற்று நேரத்தில் எஞ்சினியர் வெளியே வந்தார், குழம்பிய முகத்தோடு. சமையலறையில் வாயுவின் அளவு குறைவு, ஹாலில்தான் அதிகம். ஜன்னல்களைத் திறந்துவிட்டிருக்கிறேன், பாய்லரில் குறை தெரியவில்லை, ஆனாலும் காரணம் தெரியும்வரை கேஸை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்றார். சுவர் வழியாகவும் வரலாம் என்பதால் பக்கத்து வீட்டையும் பார்க்க வேண்டும் என்றார்.

"அப்ப புட்டு?" என்றார் சிவம் அண்ணா.

"புட்டுத்தான் இப்ப முக்கியம்! சும்மா நில்லுங்கோப்பா. இஞ்ச தாரும் பிள்ளையை" என்று அக்கா மகிழை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். குழந்தையின் தலையில் கன்னத்தை வைத்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"பிள்ளையை முழுக வாத்தனீரோ?"

"ஆமாக்கா."

"தலை நல்ல சாம்பிராணி மணமாக் கிடக்கு. தணல் போட்டனீரோ?"

எத்தனையோ பேராசிரியர்கள் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு கேள்வியில் புரிந்ததுபோல எதுவும் புரிந்ததில்லை. கரி. காற்று புகாத அறை. முழுமையற்ற எரிதல். பக்கம் பக்கமாக எழுதினேனே, அதே விடை, சோபாவுக்குப் பின்னால் கனன்றுகொண்டிருந்தது. பாய்லர் அல்ல. நான். ஒட்டிய டேப் நான், மூடிய கதவு நான், பற்றவைத்த கை நான்.

கார்த்தியைப் பார்த்தேன். அவருக்கும் அதே நொடியில் புரிந்திருந்தது. "சொல்லிடலாம்" என்றார் மெதுவாக.

"சொன்னா குழந்தையை எடுத்துட்டுப் போயிருவாங்க கார்த்தி."

வேடிக்கையாகச் சொல்லவில்லை. பிள்ளையைச் சரியாகப் பார்க்காத வீட்டுக்கு நகராட்சிக் கவுன்சில் ஆட்கள் வருவார்கள் என்ற கதைகளைப் பூங்காவில் நிறையக் கேட்டிருந்தேன். அருகிலேயே ஆம்புலன்ஸ் பெண் எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பாய்லரோடு போய்விடும். கேஸை நிறுத்துவார்கள், குளிரில் சில நாள் கழியும், நான் நல்ல அம்மாவாகவே இருக்கலாம். ஆனால் என்ன விஷத்தைச் சுவாசித்தாள் என்று தெரியாமல் என் பிள்ளையைப் பரிசோதிக்கிறார்களே, அது?

எஞ்சினியரிடம் போனேன். சாம்பிராணிக்கு ஆங்கிலம் தெரியவில்லை. புகை என்றேன். நறுமணம் என்றேன். குழந்தையின் தலைக்கு என்றேன்.

"குழந்தைக்குப் புகை போட்டீர்களா?" என்றார் அவர்.

"முடிக்கு மட்டும்" என்றேன்.

அவர் உள்ளே போய், தூபக்காலைக் கையுறையோடு பிடித்து, வெடிகுண்டைக் கொண்டுவருவதுபோல உடலைவிட்டுத் தள்ளி நீட்டியபடி வெளியே வந்து, தோட்டத்துப் புல்லில் வைத்தார். கரி இன்னும் சிவப்பாக இருந்தது. தெருவே அதைப் பார்த்தது. நல்ல மணம் என்று ஆம்புலன்ஸ் பெண் சொன்னாள். எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா என்று இன்றுவரை யோசிக்கிறேன். மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ரத்தமும் பார்த்தார்கள். மகிழுக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் ஒன்றும் இல்லை. டேப்பையெல்லாம் உரித்துவிடும்படி எஞ்சினியர் சொன்னார். பாய்லர் குற்றமற்றது என்று அவர் தீர்ப்புச் சொன்னபோது நான் அதன் பக்கம் திரும்பவில்லை.

சில நாள் கழித்து, குழந்தையின் எடையைப் பார்க்க, வீடு தேடி வரும் அரசாங்க நர்ஸான ஹெல்த் விசிட்டர் வந்தார். கைது செய்யத்தான் வந்திருக்கிறார் என்று எண்ணி, அவர் உட்காருவதற்குள் முழுக் கதையையும் சொல்லி அழுதுவிட்டேன். பாவம், அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. இனி வீட்டுக்குள் கரி வேண்டாம் என்றார், எடை நன்றாக ஏறியிருக்கிறது என்றார், எனக்கு ஒரு டிஷ்யூ கொடுத்தார். அன்றோடு எங்கள் வீட்டில் கரி நின்றது.

கதை நிற்கவில்லை. நடுச்சுவர் வழியாக எங்கள் குளியலறைச் சத்தம் கேட்டால் போதும், சிவம் அண்ணா வேலிக்கு மேலே தலையை நீட்டுவார். "தங்கச்சி, இண்டைக்கு முழுக்கோ? முதலே சொல்லும். நாங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இருக்கிறம்." (சப்பாத்து என்றால் ஷூ.) விருந்துகளில், கோயிலில், மற்றவர்கள் வீட்டுப் பிறந்தநாளில் என்று ஹரோ முழுவதும் இது பரவிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் ஒருமுறை, "பாய்லர் ரம்யாவா நீங்க?" என்று கேட்டார். நானும் இப்போது சேர்ந்து சிரிக்கப் பழகிவிட்டேன்.

போன வாரம் இந்த வருடத்துக்கான ஹீட்டிங்கைப் போட்டோம். பாய்லர் 'வூம்' என்றது. மகிழுக்கு இப்போது நாலு வயது. விளையாடிக்கொண்டிருந்தவள் எழுந்துபோய், தன் ஷூவை எடுத்து, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னுடைய செருப்பையும் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, இப்ப ஓடணுமா?"

கார்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய கதையை விளையாடிப் பார்க்கிறாளா, இல்லை உண்மையிலேயே பயந்தாளா? குனிந்து அவள் கண்களைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பைப் பிடித்திருந்த கை மட்டும் இறுக்கமாக இருந்தது.

பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எச்சரிக்கையைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும், பயத்தைக் கொடுக்கக் கூடாது. இரண்டையும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது? பதில் வரும்வரை அந்த ஷூவை வாசலில் வைப்பதா, அலமாரிக்குள் எடுத்து வைப்பதா, அதையும் சொல்லிவிடுங்கள்.